சம்பத் ஒட்டிய ரசமட்டம்

சம்பத் கைக்குக் கெட்டுப்போய் வந்த சாமான் செத்துப்போய்த்தான் திரும்பும். கோதைக்கு இது கல்யாணமான முதல் வருஷமே தெரிந்துவிட்டது. நகரியில் அவள் பிறந்த வீட்டில் பவர்லூம் நின்றுபோனால் அவளுடைய நைனா கன்னையா ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுவார், டீ வாங்கிக் கொடுப்பார், தறி மறுபடி ஓடும். அவ்வளவுதான் விஷயம். இங்கே சித்தூரில் வந்து வாழ்க்கைப்பட்டுப் பார்த்தால், தாலி கட்டியவன் ஸ்குரூ டிரைவரோடு படுத்து ஸ்குரூ டிரைவரோடு எழுந்திருக்கிறவனாக இருந்தான்.

மிக்ஸியைப் பிரித்துப் பூட்டினான். அதற்கப்புறம் அது பின்பக்கமாகச் சுற்றியது. தேங்காய் அரைபடாமல் ஜாரின் ஓரத்தில் போய் அப்பிக்கொண்டது. கேட்டால், "தேங்கா முத்தல்" என்றான். இஸ்திரிப் பெட்டிக்கு ஒயர் மாற்றினான். கை வைத்தால் சுர்ரென்று பிடித்தது. "செருப்பு போட்டுக்கினு தேய், ஒண்ணும் ஆவாது" என்றான். பழைய இரும்புக் கடையில் பொறுக்கிவந்த டிரில்லிங் மிஷினை ஒரு மாசம் உட்கார்ந்து ரிப்பேர் செய்தான். அது சுவரில் ஓட்டை போடவில்லை, சுவரைத் தடவிக்கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோதை துணி வெட்டும் கத்தரியைச் சாணை பிடித்துத் தருகிறேன் என்று எடுத்துப் போனான். திரும்பி வந்த கத்தரி துணியை வெட்டவில்லை, மென்றது. கோதை பிளவுஸ் தைத்துக் குடும்பம் நடத்துகிறவள். அவள் கத்தரியில் கை வைப்பது சோற்றில் மண்ணைப் போடுவது போலத்தான். அன்றைக்கு அவள் பேசிய பேச்சு தெருக்கோடி வரை கேட்டது.

"நீ ஒரு மனுஷன், உனுக்கு ஒரு டூல்ஸ் பெட்டி. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி கூட உன்னப் பாத்தா ஓடிப்பூடுவான்" என்றாள்.

சம்பத் நிதானமாகக் கத்தரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "துணி மட்டம்" என்றான்.

இதுதான் அவளுக்குத் தாங்காது. கெடுக்கிறவன் கெடுத்துவிட்டுப் போகட்டும், ஊரில் எத்தனையோ பேர் கெடுக்கிறார்கள். ஒரே ஒரு தடவை, "எம்மேல தப்பு கோதை" என்று அந்த வாயிலிருந்து வரக்கூடாதா? வராது. தேங்காய் முத்தல், கரண்ட் வீக், துணி மட்டம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த ஆள் சரியாக அந்த ஜாதி.

வேலை என்று பார்த்தால் சித்தூரிலிருந்து திருப்பதி போகிற ரோட்டில் ஒரு லாரி எடைமேடையில் உட்கார்ந்திருப்பான். மாங்காய் சீசனில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். மற்ற மாதங்களில் வேலையே இருக்காது. அந்த நேரமெல்லாம் போனில் ரிப்பேர் வீடியோ பார்ப்பான். தெலுங்கு வீடியோ என்றாலும் பரவாயில்லை, புரியும். இந்தியில் பார்ப்பான். இந்தியில் ஒரு எழுத்து தெரியாது. "கைய பாத்தாலே போதும், பேச்சு எதுக்கு?" என்பான். அவன் ரிப்பேரெல்லாம் ஏன் அப்படி இருந்தது என்பதற்கு இதுவே போதுமான விளக்கம் என்று கோதை வருகிற வாடிக்கைக்காரிகளிடமெல்லாம் சொல்லுவாள். ஊசியில் நூல் கோத்தபடியே சொல்லுவாள். அவர்கள் சிரிப்பார்கள். சம்பத் உள்ளே இருந்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான். சொரணை கெட்ட ஜென்மம் என்று அதற்கும் ஒரு வசவு விழும்.

இப்படியே போயிருக்கும். ரத்னம்மாவின் பிள்ளை பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வருகிறான் என்று சேதி வந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கட்டமஞ்சியில் ரத்னம்மாவின் வீட்டுப் பின்பக்கப் போர்ஷனில்தான் இவர்கள் குடியிருந்தார்கள். அந்த அம்மாள் போட்ட சட்டங்களுக்கு ஒரு கோர்ட்டே நடத்தலாம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பொழுது சாய்ந்தால் மிஷின் ஓடக் கூடாது, சத்தம் தலைவலி. மோட்டார் போடுகிற நேரம் தவிரத் தண்ணீர் பிடிக்கக் கூடாது. கல்யாண சீசனில் கோதை கையாலேயே தையல் போட்டு விரலெல்லாம் பொத்தல். அப்படியும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இப்போது அந்த அம்மாள் வாசலில் வந்து நின்று, "கோதம்மா, தசராக்கு முன்னாடி காலி பண்ணிடும்மா, மா அப்பாயி வரான், அவனுக்கு ரூமு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கோதை அன்றே முடிவு செய்தாள். இன்னொரு வாடகை வீடு கிடையாது. எத்தனையோ வருஷமாக ஒரே ஓர் ஆசைதான் அவளுக்கு. தன் வீடு, தன் சுவர், மிஷின் போட ஒரு ரூம். நினைத்த நேரத்தில் ஆணி அடிக்க வேண்டும், நினைத்த நேரத்தில் மிஷின் ஓட வேண்டும், யாரும் வந்து கதவைத் தட்டக் கூடாது. பேங்க்கில் லோனுக்கும் சரி என்றுவிட்டார்கள். தசராவுக்குள் வீடு பார்த்துவிட்டால் போதும்.

பார்த்துவிட்டால் என்பதில்தான் சம்பத் குறுக்கே விழுந்தான்.

வீடு வாங்குகிறவன் என்ன கேட்பான்? போர் எத்தனை அடி, கோடையில் தண்ணீர் நிற்குமா, சாக்கடை எங்கே போகிறது, பத்திரம் யார் யார் கை மாறி வந்தது, பக்கத்தில் இருப்பவர்கள் எப்படி. இதையெல்லாம் கோதைதான் கேட்டாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள், பாத்ரூம் குழாயைத் திறந்து பார்த்தாள், மாடி ஏறி விரிசல் பார்த்தாள். சம்பத் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. அவனுக்கு ஒன்றே ஒன்றுதான். கிழக்குப் பார்த்த வீடாக இருக்க வேண்டும், வீட்டுத் தரை வடக்கே தாழ்ந்து வடகிழக்கில் ஈசான்ய மூலைக்கு இறங்க வேண்டும். வடக்கு உயர்ந்து தெற்குப் பக்கம் சரிந்தால் குடும்பம் விளங்காது. இது அந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த வாஸ்து. இதற்காக ஜன்னலை அடைத்தவன் உண்டு, ஓடுகிற கடையை இடித்தவன் உண்டு. அதில் கோதைக்கு ஒன்றும் சண்டை இல்லை. ஆனால் மற்றவர்கள் வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிவருவார்கள். இவன் தன் ரசமட்டத்தைக் கொண்டுவந்தான்.

ரசமட்டம் என்றால் கொத்தனார்கள் தளம் நேராக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கிற பலகை. நடுவில் கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் தண்ணீர் மாதிரி ஒன்று, அதில் ஒரு காற்றுக் குமிழி. எந்தப் பக்கம் உயரமோ அந்தப் பக்கம் குமிழி ஓடும். இவனுடையது பழைய இரும்புக் கடைச் சரக்கு. குப்பி உடைந்திருந்தது. வேறொரு உடைந்த மட்டத்திலிருந்து குப்பியைப் பெயர்த்தெடுத்து, எடைமேடைத் தகட்டின் மேல் பலகையை வைத்து, குமிழி நடுவில் வருகிற மாதிரி எம்சீல் பசை போட்டு ஒட்டிவிட்டான். எடைமேடை மட்டமாகத்தானே இருக்கும் என்பது அவன் கணக்கு. இத்தனை வருஷம் லாரி ஏறி இறங்கி அந்தத் தகடு ஒரு பக்கம் அமுங்கிப்போயிருக்கும் என்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை. பலகையின் ஒரு முனையில் இருந்த ஓட்டையில் சணல் கயிறு கோத்து, அதை இடது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, சர்க்கிள் இன்ஸ்பெக்டர் லத்தி எடுத்துப் போகிற மாதிரி வீடு பார்க்கப் போனான்.

முதல் வீடு திருப்பதியில், மங்கலம் பக்கம். வாசலில் நின்றான், உள்ளே பார்த்தான், குனிந்து பலகையைக் குறுக்கே வைத்தான். குமிழி வலது பக்கம் ஓடியது. கிழக்கு வாசலில் நின்று உள்ளே பார்த்தால் வலது கை வடக்கு. "வடக்கு ஒசரம். வாணாம்" என்று எழுந்துவிட்டான்.

இரண்டாவது வீடு முரகம்பட்டில். அங்கேயும் குமிழி வலது பக்கம்தான். புரோக்கர் முனிகிருஷ்ணன் போனை எடுத்து, "சார், இதுலயே லெவல் பாக்கற ஆப் கீது, பாருங்க" என்று தரையில் வைத்தான். சம்பத் அவனைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இளக்காரம். "போனுக்குப் பின்னாடி கேமரா புடைச்சிக்கினு கீது. அது எப்படி மட்டம் காட்டும்?" என்றான்.

"ஒரு சொம்பு தண்ணி ஊத்துய்யா, எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரிஞ்சிட்டுப் போவுது" என்றாள் கோதை.

"தண்ணி டைல்ஸ் சந்துல பூந்து ஓடும். அத்த நம்பக் கூடாது" என்றான் மேதாவி.

மூன்றாவது வீடு கிரீம்ஸ்பேட்டையில் இருந்தது. அந்த வீடு பார்த்ததுமே கோதைக்குப் பிடித்துவிட்டது. சமையலறையில் பெரிய ஜன்னல், முன் ரூமில் காலையிலிருந்து வெளிச்சம், தெருவில் நான்கு வீட்டுக்கு ஒரு வீட்டில் கல்யாண வயசுப் பெண். பக்கத்து வீட்டுக்காரி அப்போதே, "நீங்க ஆரி ஒர்க் போடுவீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டாள். மிஷினை எங்கே போடுவது, கட்டிங் டேபிளை எங்கே போடுவது என்று கோதை மனசுக்குள் எல்லாம் போட்டு முடித்துவிட்டாள். சம்பத் குனிந்தான். குமிழி வலது பக்கம் ஓடியது.

"வாணாம்" என்றான்.

கோதை கெஞ்சினாள். கல்யாணமாகி அவனிடம் அவள் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். அவன் பலகையைக் காட்டினான். அந்த வீட்டை அடுத்த வாரமே வேறு யாரோ முடித்துவிட்டார்கள். கோதை இரண்டு நாள் சரியாகத் தின்னவில்லை. மூன்றாம் நாள் பசித்தது. தின்றுவிட்டு, பலம் வந்த பிறகு, சேர்த்துவைத்து அவனைத் திட்டினாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் மத்தியானம் கட்டிங் டேபிளில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். மின்விசிறிக் காற்றில் லைனிங் துணி பறந்தது. கைக்குக் கிடைத்தது அவன் போட்டுவிட்டுப் போயிருந்த ரசமட்டம். எடுத்து வெயிட்டாக வைத்தாள். குமிழி ஜன்னல் பக்கம் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, திருப்பிப் போட்டு வைத்தாள். இப்போது குமிழி கதவுப் பக்கம் இருந்தது. டேபிள் நகரவில்லை. வீடும் நகரவில்லை. கோதை கத்தரியைக் கீழே வைத்தாள். மறுபடி திருப்பினாள், மறுபடி திருப்பினாள். எப்படி வைத்தாலும் கயிறு கட்டாத முனையில்தான் உயரம் என்று அந்தச் சனியன் சொல்லியது. கயிறு எப்போதும் அவன் இடது கையில். அதனால் உயரம் எப்போதும் வலது பக்கம். திருமலைக் கோயில் பிராகாரத்தில் வைத்தாலும் வடக்கு உயரம் வாணாம் என்றுதான் இந்த ஆள் எழுந்து வருவான்.

கிரீம்ஸ்பேட்டை ஜன்னல் நினைவுக்கு வந்தது. அவன் தலையிலேயே அந்தப் பலகையைப் போட வேண்டும் என்று ஆத்திரம் வந்தது. சாயங்காலம் வரட்டும் என்று காத்திருந்தாள். காத்திருந்த நேரத்தில் யோசித்தாள். சொன்னால் என்ன செய்வான்? தப்பு என்று ஒத்துக்கொள்வானா? மாட்டான். டேபிள் கோணல் என்பான். அப்புறம் குப்பியைப் பெயர்த்து மறுபடி ஒட்ட உட்காருவான். எம்சீல் காயும், இந்தி வீடியோ ஓடும், தசரா வந்துவிடும், ரத்னம்மா சாமானைத் தெருவில் வைப்பாள். இந்த அறிவுகெட்ட ஆளிடம் நியாயம் பேசி யார் ஜெயித்தார்கள்?

பலகையின் இரண்டு முனையிலும் ஓட்டை இருந்தது. கோதை சணல் கயிற்றை அவிழ்த்து அடுத்த முனையில் கோத்தாள். முடிச்சு அவன் போட்ட மாதிரியே போட்டாள். தையல்காரிக்கு முடிச்சு ஒரு விஷயமா?

நான்காவது வீடு புத்தலப்பட்டு போகிற வழியில், புதுசாகக் கட்டியது. பெயிண்ட் வாசனை கூடப் போகவில்லை. தென்மேற்கு மூலையில் நல்ல பெரிய ரூம், மிஷினுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. தண்ணீர், சாக்கடை, பத்திரம் எல்லாம் கோதை ஏற்கனவே விசாரித்துவிட்டாள். போரில் தண்ணீர் உண்டு, மோட்டார் மட்டும் இன்னும் மாட்டவில்லை. சம்பத் கயிற்றை இடது மணிக்கட்டில் மாட்டினான். ஒன்றும் தெரியவில்லை அந்தக் கண்ணுக்கு. வாசலில் குனிந்தான். குமிழி இடது பக்கம் ஓடியது.

அவன் நிமிரவே இல்லை கொஞ்ச நேரம். பிறகு நிமிர்ந்தபோது முகமெல்லாம் பல். "பாத்தியா கோதை. தெற்கு ஒசரம், ஈசான்யம் எறங்கிக் கீது. இந்த வீட்டுக்குத்தான் நான் காத்துக்கினு இருந்தேன். அந்த மூணையும் நீ சொன்னியேன்னு வாங்கியிருந்தா இன்னாத்துக்கு ஆவறது?"

கோதைக்குச் சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. இருபது வருஷத்தில் இந்த ஆளை இவ்வளவு சுலபமாக அவள் ஜெயித்ததே இல்லை.

முனிகிருஷ்ணனுக்கும் நிம்மதி. "பக்கா வாஸ்து சார் இது. மேடம் தண்ணி ஊத்திப் பாக்கணும்னு கேப்பாங்க, மோட்டார் இருந்தா காட்டியிருப்பேன்" என்றான்.

கோதையின் பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. பஸ்ஸில் வரும்போது வாங்கியது, பாதிக்கு மேல் மிச்சம். ஊற்றினால் ஒரு நிமிஷம். கை பையின் ஜிப் வரை போனது. ஊற்றி, அது வேறு பக்கம் ஓடி, இந்த ஆள் மறுபடி வாணாம் என்று எழுந்தால்? வடக்காவது தெற்காவது, எல்லாம் இந்தப் பைத்தியத்தோட கூத்து. தரை தரையாகத்தான் இருக்கும். கையை எடுத்துவிட்டாள்.

"பிடிச்சிருக்கு. முடிச்சிடுங்க" என்றாள்.

தசராவுக்கு முன்னால் பால் காய்ச்சினார்கள். குடிவந்த அன்றைக்கே கோதை முதல் வேலையாக ரூமில் மிஷினைப் போட்டாள். சுவரில் ஆணி அடித்தாள். ஓர் ஆணி போதும், நான்கு அடித்தாள். ராத்திரி நெடுநேரம் மிஷின் ஓடியது. ஒருவரும் வந்து கதவைத் தட்டவில்லை. திருப்பதியில் ஹாஸ்டலில் படிக்கிற மகளுக்குப் போன் போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தாள்.

கார்த்திகையில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் அடித்தது. நகரியிலிருந்து அவள் அண்ணன் பழனி புது வீட்டைப் பார்க்கலாம் என்று அந்த மழையில்தான் வந்தான். காலையில் வந்தவன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே கால் வைத்தால், கால் நனைந்தது. வடக்குப் பக்கக் கதவின் வழியாக வந்த தண்ணீர் கூடத்தைக் கடந்து தெற்கே, நேராகத் தென்மேற்கு ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரோ வழி சொல்லி அனுப்பிய மாதிரி போனது. ரூமில் அடுத்த வாரக் கல்யாணத்துக்கு வெட்டி அடுக்கிய பட்டு பிளவுஸ் துணிகள் தரையில் பெட்ஷீட்டின் மேல் இருந்தன. சிவப்புச் சாயம் சந்தனக் கலர் துணியில் இறங்கியிருந்தது. மிஷின் மோட்டார் தண்ணீரில் நின்றது. கோதை துணிகளை அள்ளி அள்ளிப் பிழிந்துகொண்டிருந்தாள். சம்பத் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குப்பை முறத்தால் தண்ணீரை வாளிக்குள் வாரிக்கொண்டிருந்தான்.

பழனி தங்கையை விடக் கோபக்காரன். "இன்னா மாப்ள இது? மாசக்கணக்கா கட்டையத் தூக்கிக்கினு ஊரெல்லாம் சுத்தினியே, இத்தத்தான் பாத்தியா? தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கத் தெரியல, நீ எல்லாம் ஒரு வூட்டுக்கு மட்டம் பாக்கறியா?"

கோதை பிழிவதை நிறுத்தினாள். இப்போது வரும் பதில் அவளுக்குத் தெரியும். மழை ஜாஸ்தி என்பான். கொத்தனார் மேல் சொல்லுவான்.

சம்பத் முறத்தைக் கீழே வைத்தான். தண்ணீர் போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆமா மச்சான். நாந்தான் பாத்தேன். நாந்தான் ஓகே சொன்னேன்" என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது. "எம்மேலதான் தப்பு. மத்த மூணு வூட்டையும் வாணாம்னு தள்ளிட்டு, கடசியில இத்தப் போயி புடிச்சிட்டேன். கோதை பாவம். கிரீம்ஸ்பேட்டைல எவ்ளோ கெஞ்சிச்சு. என்ன நம்பி வந்துட்டது."

அந்தக் கடைசி வார்த்தையைக் கோதையின் பக்கம் திரும்பிச் சொன்னான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. இருபது வருஷமாக எந்த ஒரு வார்த்தைக்காக அவள் காத்திருந்தாளோ அது வந்துவிட்டது. கயிறு, ஜிப், தண்ணீர் பாட்டில் எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

"இன்னா கோதை, வாயில கொழுக்கட்டையா? ஊருக்கே கேக்கற மாதிரி பேசுவியே, இன்னிக்கு இன்னா ஆச்சி?" என்றான் பழனி. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். சம்பத்தும் பார்த்தான்.

கோதை வாயைத் திறந்தாள். "நீ எல்லாம் ஒரு மனுஷனா" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. மிக்ஸி வந்தது, கத்தரி வந்தது, இந்தி வீடியோ வந்தது, அவன் வம்சம் வந்தது. மழைச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். நிறுத்த முடியவில்லை, நிறுத்தினால் வேறு ஏதாவது வந்துவிடும். சம்பத் தண்ணீரில் நின்றபடி, அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.